குரோம்பேட்டையா போரூரா? மேப்ப விரிச்சு வச்சு பாப்போம்

சென்னைல வீடு வாங்க இந்த ரெண்டு ஏரியால எதுன்னு கேட்டா, பட்ஜெட் ரெண்டு எடத்துக்கும் ஒத்து வந்தா நான் குரோம்பேட்டை தான் சொல்லுவேன். பீச் டூ தாம்பரம் மின்சார ரயில் இன்னைக்கே ஓடுது, கிண்டி, எக்மோர், பார்க் எல்லாம் வண்டி மாறாம போயிடலாம். போரூருக்கு மெட்ரோ ரெண்டாம் கட்டத்துல, கலங்கரை விளக்கம் டூ பூந்தமல்லி பைபாஸ் லைன், அது முழுசா ஓடுனா வடபழனி, கோடம்பாக்கம், பனகல் பார்க் போறவங்களுக்கு பெரிய வரம், மணப்பாக்கம் பக்கம் ஐடி ஆபீஸ்னா இப்பவே போரூர் தான் கிட்ட.

ஆனா ரயில், மெட்ரோ ரூட் மேப்ப மட்டும் நம்பி அட்வான்ஸ் குடுத்துடாதீங்க, அது ஸ்கேல் படி வரைஞ்சது கெடையாது. வீட்டு வாசல்லேந்து ஸ்டேஷனுக்கு நடக்குற தூரத்த கூகுள் மேப்ல போட்டு பாருங்க, குரோம்பேட்டைல தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம் வீடுங்கறதும் முக்கியம்.

அப்புறம் தண்ணி, எனக்கு எல்லாத்த விடவும் இதுதான் பெருசு. 2015 டிசம்பர் மழைல போரூர் பக்கம் முகலிவாக்கமும் முங்குச்சு, குரோம்பேட்டை பக்கம் சிட்லபாக்கமும் முங்குச்சு, அதனால ஏரியா பேர வச்சு முடிவு பண்ணாம தெரு தெருவா பாக்கணும். கூகுள் எர்த்ல பழைய வருஷத்து சாட்டிலைட் படம் இருக்கு, ஏரியும் கால்வாயும் எதுவரைக்கும் இருந்துச்சுன்னு பாத்துட்டு, சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) நில உபயோக மேப்லயும் அந்த சர்வே நம்பர் எதுல வருதுன்னு பாத்துட்டு அப்புறம் பில்டர்கிட்ட பேசுங்க.