கடை முகப்புக்கு தேக்கா, அலுமினியமா, யூபிவிசியா, வெறும் கண்ணாடியா? குன்னூர் பழைய கட்டடத்துக்காக அலைஞ்ச கதை

குன்னூர்ல எங்க கடை இருக்குற கட்டடம் தாத்தா காலத்துக்கும் முன்னாடி உள்ளது. தகரக் கூரை, முன்னாடி ரெண்டு பக்கமும் பெரிய கண்ணாடி ஜன்னல், நடுவுல ரெட்டைக் கதவு, எல்லாமே தேக்கு. வர்க்கி, ரொட்டி, டீ, அவ்ளோதான் வியாபாரம். மழை முடிஞ்சு பெயின்ட் அடிக்கலாம்னு தொட்டா ஜன்னல் அடிச்சட்டத்துல கட்டைவிரல் பாதி உள்ள போகுது, ஊறின ரஸ்க் மாதிரி உதிருது. சரி எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டு புதுசா மாட்டிரலாம்னு நாலு பேர்கிட்ட விலை கேட்டேன், நாலு பேரும் நாலு சாமான் சொன்னாங்க, அவங்கவங்க விக்கிறதுதான் மலைக்கு ஏத்ததுன்னு சத்தியமே பண்ணாங்க. மூணு மாசம் அலைஞ்சதுல தெரிஞ்சுகிட்டதை எழுதுறேன், ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல்னு பழைய கட்டடத்துல கடை வச்சிருக்கவங்க யாருக்காவது ஆகும்.

முதல்ல எல்லாருக்கும் ஆசை இருக்குறது 12 எம்எம் டஃபன்டு கிளாஸ், அதாவது சூளையில பதம் பண்ணி உறுதியாக்கின கண்ணாடி, சட்டமே இல்லாம முழுக் கண்ணாடி, கதவு தானா மூடுறதுக்கு தரையில ஃப்ளோர் ஸ்ப்ரிங் புதைச்ச கதவு. எனக்கும் ஆசைதான், பொய் சொல்லல. உள்ள இருக்குற சரக்கு பளிச்னு தெரியும், சீசன்ல வர்ற ஆளு எட்டிப் பாக்காமலே உள்ள வருவான். ஆனா பழைய கட்டடத்துல இதை மாட்டணும்னா முதல் சிக்கல் அளவு. டஃபன்டு கிளாஸை பதம் பண்ணதுக்கு அப்புறம் வெட்டவும் முடியாது, ஓட்டை போடவும் முடியாது, கோயமுத்தூர்லயே வெட்டி சூளையில ஏத்தி மேட்டுப்பாளையம் வழியா ஹேர்பின் வளைவு எல்லாம் தாண்டி மேல வரணும். எங்க கடை வாசலோ ஒரு ஓரத்துக்கும் இன்னொரு ஓரத்துக்கும் 15 எம்எம் சாய்வு, நூல் புடிச்சா அசிங்கமா தெரியும். மரம்னா ஆசாரி ரெண்டு தடவை இழைச்சு உக்கார வச்சிருவார், கண்ணாடிக்கு அந்த மன்னிப்பு கிடையாது. எடையும் பாத்துக்கோங்க, 12 எம்எம் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 30 கிலோ, 7க்கு 3 அடி கதவு ஒண்ணே கிட்டத்தட்ட 58 கிலோ வருது. அவ்ளோ பாரமும் தரையில புதைச்ச அந்த ஸ்ப்ரிங் பெட்டி மேல, அந்தப் பெட்டிக்குள்ளதான் ரோட்டுத் தண்ணி போய் தேங்கும்.

இதைவிட பெருசா ஒண்ணு இருக்கு. கண்ணாடி பெருசா தெரியணும்னா வாசலை அகலப்படுத்தணும், நடுத்தூணை எடுக்கணும், மேல இருக்குற மர உத்தரத்துக்குப் பதிலா இரும்பு போடணும்னு பேச்சு தானா அங்க போய் நிக்குது. இருக்குற கதவை அதே இடத்துல அதே அளவுல மாத்துறது ஒரு வேலை, சுவரை உடைக்கிறது வேற வேலை. மலையில கட்டடத்துக்குன்னு தனி விதி இருக்கு, உயரத்துக்கு வரம்பு உண்டுங்கறது எல்லாருக்கும் தெரியும், அதுக்கு மேல மலைப்பகுதி பாதுகாப்புக் குழுமம்னு 1990ல இருந்து ஹாக்கா இருக்கு. சுவர்ல கை வச்சா நகராட்சியில முன்கூட்டியே வரைபடத்தோட மனு குடுத்துட்டு அப்புறம் கடப்பாரையை எடுங்க. வாடகைக் கடைன்னா ஓனர் கையெழுத்தும் வேணும், வாய் வார்த்தையை நம்பாதீங்க.

யூபிவிசின்னா கெட்டி பிளாஸ்டிக் சட்டம், அதை விக்கிறவர் பேச்சு நல்லா இருந்துச்சு. கரையான் அரிக்காது, ஊறாது, பெயின்ட் வேண்டாம், சத்தம் உள்ள வராது. எல்லாம் உண்மைதான், வீட்டுக்கு பெட்ரூம் ஜன்னல்னா நானே போட்டிருப்பேன். கடை முகப்புல பாருங்க, எங்க பழைய ஜன்னல்ல கண்ணாடிக்கு நடுவுல ஓடுற குறுக்குச் சட்டம் ஒரு இஞ்ச் கூட இல்ல, யூபிவிசியில அதே இடத்துல ரெண்டரை இஞ்ச் வரும், ஏன்னா உள்ள இரும்பு வைக்கணும். ஆறு கட்டமா இருந்த ஜன்னல்ல கண்ணாடியைவிட பிளாஸ்டிக் அதிகமா தெரியும். அப்படி வேண்டாம்னா ஒரே பெரிய கண்ணாடி போட்டு மேல பட்டை ஒட்டித் தரோம்னாங்க, அது கல்யாண மண்டபத்து தெர்மோகோல் தூண் மாதிரி இருக்கும். மேல ஏற ஏற அல்ட்ரா வயலட்டும் கூடும், 1000 மீட்டருக்கு சுமார் 10 சதவீதம், நம்ம 1800 மீட்டருக்கு மேல இருக்கோம், மர கலர்ல ஒட்டின ஃபிலிம் வெயில் பக்கம் முதல்ல வெளுக்கும். மூலை எல்லாம் உருக்கி ஒட்டினது, ஒரு இடம் உடைஞ்சா முழு ஃபிரேமும் போச்சு.

அலுமினியம்தான் எனக்கு ரொம்ப நாள் இழுபறியா இருந்துச்சு. சட்டம் மெலிசா வரும், பவுடர் கோட்டிங் பாட்டில் பச்சையோ காப்பிக் கலரோ போட்டா பத்தடி தள்ளி நின்னு பாத்தா மரமா அலுமினியமான்னு சட்டுனு தெரியாது, லோக்கல்லயே ஃபேப்ரிகேட்டர் இருக்காங்க, விலையும் தேக்குல பாதிக்கும் கீழ. வினை என்னன்னா குளிர். அலுமினியம் மரத்தைவிட சுமார் ஆயிரம் மடங்கு வேகமா சூட்டைக் கடத்தும். கடைக்குள்ள டீ பாய்லர், பக்கத்துலயே அடுப்பு, 20 டிகிரி சூடு, 70 சதவீதம் ஈரம்னு வச்சுக்கோங்க, 14 டிகிரிக்குக் கீழ இருக்குற எந்த இடத்துலயும் தண்ணி கோத்துக்கும். தை மாசக் காலையில வெளிய என்ன குளிர்னு நான் சொல்ல வேண்டியதில்ல. சட்டம் முழுக்க வேர்த்து கீழ ஒழுகி வர்க்கி ட்ரே ஓரத்துல சொட்டும், வர்க்கிக்கு ஈரம் பட்டா அதுக்கு மேல அது வர்க்கியே இல்ல. சட்டத்துக்கு நடுவுல குளிர் கடத்தாத பட்டை வச்ச தெர்மல் பிரேக் செக்‌ஷன் இருக்கு, அது இதுக்கு சரியான பதில்தான், ஆனா விலை கேட்டா தேக்கு பக்கத்துல போயிருது, அப்புறம் எதுக்கு அலுமினியம். துணிக்கடை, செருப்புக்கடை, மொபைல் கடைக்காரங்க இந்தக் கவலை இல்லாம தாராளமா போடலாம், அவங்களுக்கு உள்ள ஆவியே கிடையாது.

டபுள் கிளாஸ் பத்தியும் கேப்பீங்க. ஒத்தைக் கண்ணாடியைவிட வெளிய போற சூட்டைப் பாதியாக் குறைக்கும், உண்மை. ஆனா 5 எம்எம் கண்ணாடி ரெண்டு, நடுவுல 12 எம்எம் காத்து, மொத்தம் 22 எம்எம் தடிமன். பழைய சட்டத்துல கண்ணாடி உக்கார்ற பள்ளம் அதுல பாதி கூட இல்ல. சட்டத்தையே மாத்துனாத்தான் முடியும். நாள் முழுக்க கதவு திறந்தே கிடக்குற டீக்கடைக்கு அது ஓட்டைப் பானையில தண்ணி ஊத்துறதுதான்.

புது தேக்குன்னா மனசுக்கு திருப்தி, பர்ஸுக்கு இல்ல. எனக்கு வந்த கொட்டேஷன்ல நாலுலயும் இதுதான் ஜாஸ்தி. பணம் கூட பரவால்ல, மரம் எப்படிப்பட்டதுங்கறதுதான் விஷயம். இப்ப கிடைக்கிற இளம் தேக்குல வெளிறு, அதாவது ஓரத்து மெல்லிய மரம் அதிகம், வைரம் பாஞ்ச நடுப்பகுதி கொஞ்சம்தான், வெளிறை பூச்சி விடாது, பாலிஷ் போட்டு வச்சா நமக்கு வித்தியாசமும் தெரியாது. அதனால எங்க ஆசாரி அண்ணன் இடிச்ச வீட்டு மரம் வாங்கச் சொன்னார், காரைக்குடி பக்கம் பழைய பர்மா தேக்கு நிலை, கதவு எல்லாம் வாங்கி விக்கிற கடைங்க இருக்கு. பழைய மரம்னா கேவலமான்னு எங்கம்மா கேட்டாங்க, ஊட்டி ஸ்டீபன்ஸ் சர்ச் உத்தரமே ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்புவோட அரண்மனையில இருந்து எடுத்துட்டு வந்ததுதான், கிட்டத்தட்ட 200 வருஷமா இந்த மழையில நிக்குதும்மான்னு சொன்னதும் அடங்கிட்டாங்க. கீழ்நாட்டுல காய்ஞ்ச மரத்தை நேரா மேல கொண்டு வந்து மாட்டிராதீங்க, பனியில ஈரம் குடிச்சு அகலவாக்குல உப்பும், நீளம் அப்படியேதான் இருக்கும், ஆடி மாசம் கதவு சாத்தாது. மூணு நாலு வாரம் கடைக்குள்ளயே அடுக்கி வச்சு ஊர்க் குளிருக்குப் பழகவிட்டு அப்புறம் அளவெடுக்கணும்.

இவ்வளவும் பேசி முடிச்ச பிறகுதான் அண்ணன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து சட்டம் சட்டமா தட்டிப் பாத்தார். "தம்பி, கீழ அரை அடி மட்டும்தான் செத்திருக்கு, மேல எல்லாம் இரும்பு மாதிரி இருக்கு, இதைக் கழட்டி நீ விறகுக்கா போடப் போற?"ன்னார். இந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேக்கல, ஏன்னா கொட்டேஷன் குடுத்தவங்க எல்லாரும் வெளிய நின்னு டேப் புடிச்சவங்க.

ஏன் கீழ மட்டும் செத்துச்சுன்னு பாத்தா தப்பு எங்களோடது. மரத்துல ஈரம் 20 சதவீதத்துக்கு மேல நாள் கணக்கா நின்னாத்தான் பூஞ்சை புடிச்சு இத்துப்போகும், வைரம் பாஞ்ச தேக்கு கூட எத்தனை வருஷம்தான் தாங்கும். சில வருஷம் முன்னாடி ஒரு மேஸ்திரி சொன்னார்னு ஜன்னல் அடியில கல்லு மேல சிமென்ட் பூசி சட்டத்தோட ஒட்டவச்சோம், இடுக்குல தண்ணி போகக் கூடாதுன்னு நானே சிலிக்கான் அடிச்சேன். ரோடு வேற ஒவ்வொரு தடவையும் தார் மேல தார் போட்டு உசந்துட்டே வருது, பஸ் போனா தண்ணி நேரா ஜன்னல் அடியில அடிக்குது. உள்ள போன தண்ணி வெளிய வர வழியே இல்ல, மரத்தோட வெட்டு முனை ஸ்ட்ரா மாதிரி உறிஞ்சிக்கிட்டே இருந்திருக்கு. இதே இடத்துல புது தேக்கு வச்சிருந்தாலும் அதே கதிதான், அலுமினியம் வச்சிருந்தா சட்டம் பொழைக்கும், பின்னாடி சுவர் ஊறும்.

அதனால நான் எடுத்த முடிவு ரிப்பேர். செத்த பகுதியை மட்டும் சாய்வா வெட்டி எடுத்துட்டு பழைய தேக்குலயே ஒட்டு போட்டோம், சாய்வு எதுக்குன்னா தண்ணி இணைப்புல நிக்காம வெளிய வழியும். சிமென்ட்டைக் கொத்தி எடுத்து கல்லை வெளிப்பக்கம் சரிவா இழைச்சு, சட்டத்துக்கு அடியில தண்ணி திரும்பி உள்ள ஓடாம சொட்டி விழறதுக்கு அண்ணன் ஒரு சின்னக் காடி, அதாவது பள்ளக் கோடு போட்டார். ஆணி, ஸ்க்ரூ எல்லாம் பித்தளை. கண்ணாடிக்கு சிலிக்கான் வேண்டாம்னு ஆளிவிதை எண்ணெய்ல குழைச்ச பட்டி (புட்டி) வச்சு அடைச்சோம், அது காய வாரக்கணக்குல ஆகும், காயாம பெயின்ட் அடிச்சா சுருங்கும், அதுக்குத்தான் ஜனவரியில இருந்து மார்ச்சுக்குள்ள இந்த வேலையை வச்சுக்கணும். எங்க பக்கம் ஐப்பசி கார்த்திகை மழைதான் ஜாஸ்தி, அப்ப ஆரம்பிச்சா அவ்ளோதான். கீழ் வரிசைக் கண்ணாடி மட்டும் 6.38 எம்எம் லேமினேட்டட் போட்டேன், ரெண்டு 3 எம்எம் கண்ணாடிக்கு நடுவுல பிளாஸ்டிக் படலம், உடைஞ்சாலும் கொட்டாது, பழைய பள்ளத்துல அழகா உக்காருது, அல்ட்ரா வயலட்டை கிட்டத்தட்ட முழுசா தடுக்கறதால பிஸ்கட் பாக்கெட் கலரும் போகல. மேல் வரிசையில ரெண்டு மூணு பழைய கண்ணாடி அலை அலையா இருக்கும், எதிர் கடை போர்டு அதுல நெளியும், அதை மாத்த மனசு வரல. செலவு புது அலுமினியத்தைவிட கொஞ்சம் கூட, புது தேக்குல மூணுல ஒரு பங்கு.

நேர்மையா சொல்லணும்னா இதுக்கு நல்ல ஆசாரி வேணும். ஒட்டு போடத் தெரிஞ்சவங்க கொறஞ்சுட்டாங்க, பாதி பேர் எம்சீல் வச்சு பூசி பெயின்ட் அடிச்சுட்டு போயிருவாங்க, ரெண்டு மழைக்கு மேல நிக்காது. அப்படி ஆள் கிடைக்கலைன்னா, இல்ல சட்டம் பாதிக்கு மேல செத்திருந்தா, பழைய மரத்துல புதுசு பண்ணுங்க, அதுவும் முடியலைன்னா மெலிசு அலுமினியம், பழைய ஜன்னல்ல இருந்த கட்டங்க அப்படியே இருக்குற மாதிரி.

ரோலிங் ஷட்டர் பத்தி சொல்லாம விட்டா தப்பு. முகப்பைக் கெடுக்கறதுல ஃபிரேம் எந்தப் பொருள்ங்கறதைவிட இந்த ஷட்டர் பெட்டிதான் பெரிய ஆளு. மேல் கண்ணாடியை மறைச்சுட்டு ஒன்றரை அடிக்கு தகரப் பெட்டி துருத்திக்கிட்டு நிக்கும், ராத்திரி தெருவே குடோன் மாதிரி ஆயிரும். இங்கிலாந்துல 1967 சட்டத்துல இருந்து கன்சர்வேஷன் ஏரியான்னு தெருவையே பாதுகாக்குறாங்க, அங்க பல கவுன்சில் வெளிய ஷட்டர் வேண்டாம், கண்ணாடிக்கு உள்பக்கம் கம்பி கேட் போடுன்னுதான் சொல்றாங்க. எங்க தாத்தா அதைத்தான் பண்ணி வச்சிருந்தார், உள்ள கொலாப்சிபிள் கேட், துரு சுரண்டி கிரீஸ் போட்டதும் ஓடுது.

திருடனைவிட எங்களுக்கு பயம் கரடி. குன்னூர், கோத்தகிரி பக்கம் ராத்திரி கரடி வந்து பேக்கரிக் கதவை உடைச்சதுன்னு பேப்பர்ல அடிக்கடி பாப்பீங்க, எண்ணெய், வெல்ல வாசனைக்கு வரும். அது முட்டினா 12 எம்எம் கண்ணாடியும் சரி தேக்கும் சரி எதுக்கும் கேரண்டி கிடையாது. வாசனை வெளிய போகாம இருக்கறதுதான் முதல் பூட்டு, அந்த விதத்துல சட்டமில்லாத கண்ணாடிக் கதவு மோசம், நாலு பக்கமும் இடைவெளி விட்டுத்தான் தொங்கும். மரக் கதவுல சந்து தெரியாம பட்டை அடிச்சாச்சு, டால்டா டின் எல்லாம் பின் ரூமுக்குப் போயாச்சு.

பின் சந்துப் பக்கம் இருந்த சின்னக் கதவை மட்டும் சிக்கனம் பாத்து சாதா அலுமினியம் போட்டேன், யார் கண்ணுலயும் படாது, சரக்கு இறக்கத்தானேன்னு. இப்ப தினமும் காலையில கடை திறந்ததும் முதல் வேலை அதுக்கு அடியில கிடக்குற கோணிச்சாக்கைப் பிழிஞ்சு காயப் போடறது.