தீபாவளி லேகியம்: டப்பாவில் வாங்குவதா, சாமானாக வாங்குவதா?

தீபாவளிக்கு முந்தின வாரம் இனிப்புக் கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு அடுக்கு முளைக்கும். சின்னச் சின்ன டப்பாக்கள், மேலே தங்க எழுத்தில் 'தீபாவளி லேகியம்'. ரெண்டு கிலோ ஸ்வீட், ஒரு கிலோ காரம் என்று வாங்கிக்கொண்டு காசு கொடுக்க வரிசையில் நிற்கிறவர் கண்ணில் சரியாகப் படுகிற உயரத்தில் வைத்திருப்பார்கள். வயிற்றுக்கு வினையையும் அதற்கு மருந்தையும் ஒரே பில்லில் போட்டு விற்கிற சாமர்த்தியம், என்ன சொல்ல.

அப்படி ஒரு டப்பா வாங்கிப் பார்த்தேன், மதுரையில் ஓரளவு பெரிய கடைதான், பெயர் வேண்டாம். திறந்ததும் நெய் வாசம் தூக்கலாக வந்தது, வாயில் போட்டால் இஞ்சி போட்ட அல்வா மாதிரி இனித்தது, அதைத் தாண்டி எதுவும் இல்லை. தொண்டையில் இறங்கும்போது ஒரு காரம் ஏறி மூக்கு லேசாகத் திறக்க வேண்டாமா? ஒன்றையும் காணோம். அப்புறம்தான் லேபிளைத் திருப்பிப் பார்த்தேன். பாக்கெட்டில் அடைத்து விற்கும் உணவுப் பொருளில் எது எடையில் அதிகமோ அதைத்தான் பட்டியலில் முதலில் போட வேண்டும் என்பது நம் ஊர் விதி. இதில் முதலில் சர்க்கரை, அடுத்தது வெல்லம், மூன்றாவது நெய், கடைசியில் 'மூலிகைப் பொடி' என்று ஒரே ஒரு வார்த்தை. என்ன மூலிகை, எத்தனை மூலிகை, ஒன்றும் கிடையாது. பண்டிகைக்கு இன்னொரு ஸ்வீட் என்று சொல்லி விற்றிருந்தால் எனக்கு ஒரு புகாரும் இல்லை.

சரி, இப்போது நான் சொல்ல வந்த பொருள். கீழமாசி வீதிப் பக்கம் இருக்கிற நாட்டு மருந்துக் கடைகளில் 'லேகியச் சாமான்' என்று கேட்டால் ஒரு செட் எடுத்துக் கொடுப்பார்கள். பெரிய பொட்டலம், உள்ளே குட்டிக் குட்டிப் பொட்டலங்கள். சுக்கு, மிளகு, அரிசித் திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, அதிமதுரம், ஓமம், சீரகம், தனியா, ஏலம், கிராம்பு, கொஞ்சம் ஜாதிக்காய். சில கடைகளில் வாய்விடங்கமும் பரங்கிச்சக்கையும் சேர்ப்பார்கள், ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு கணக்கு மாறும். நான் வாங்கிய கடையில் ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் பால்பாயிண்ட் பேனாவில் பெயர் எழுதியிருந்தது, சும்மா கிறுக்கல்தான், ஆனால் கண்டந்திப்பிலி எது, அதிமதுரம் எது என்று தெரியாமல் ரெண்டு குச்சியையும் மாறி மாறிப் பார்த்து முழிக்கிற என் தலைமுறைக்கு அந்தக் கிறுக்கல் பெரிய உதவி. விலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், நல்ல நெய் மைசூர்பாகு கால் கிலோ வாங்குகிற காசுகூட ஆகாது.

தரம் நன்றாகவே இருந்தது. சுக்கில் பூச்சி அரித்த துளை இல்லை, ஒடித்தால் உள்ளே நார் தெரிந்தது. திப்பிலியை ஒன்று எடுத்துக் கடித்தேன், முதலில் ஒன்றும் தெரியாது, கொஞ்ச நேரம் கழித்து நாக்கு நுனி மரத்துப் போகிற மாதிரி ஒரு காரம் வந்து அப்படியே நின்றது. பழைய சரக்கில் இது வராது. ஓமத்தை உள்ளங்கையில் தேய்த்தால் வாசம் கையைக் கழுவின பிறகும் போகவில்லை. அந்த வாசத்துக்குக் காரணம் அதிலிருக்கும் தைமால் என்கிற வேதிப்பொருள்.

ஒரே குறை சித்தரத்தை. கட்டை மாதிரி இருக்கும், அதை அப்படியே மிக்ஸியில் போட்டீர்களானால் பிளேடு காலி. கடையிலேயே இடித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனால் முகம் சுளிக்காமல் செய்து தருவார்கள். தீபாவளிக்கு முந்தின ரெண்டு நாளில் போய்க் கேட்டால் நீங்கள் வாங்கிக் கட்டிக்கொள்வது லேகியச் சாமானாக இருக்காது.

அதே கடையில் பொடியாகவும் விற்கிறார்கள். வேலை மிச்சம்தான், ஆனால் அரைத்து எத்தனை நாள் ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது, அரைத்த மசாலாவில் வாசம் சீக்கிரம் போய்விடும் என்பது நமக்குத் தெரிந்ததே. நேரமே இல்லை என்கிறவர்களுக்குப் பொடி பரவாயில்லை, இனிப்புக் கடை டப்பாவைவிட நூறு மடங்கு மேல்.

செய்முறையை ஏதோ பெரிய வித்தை மாதிரி பேசுவார்கள், அப்படியெல்லாம் இல்லை. எல்லாவற்றையும் தனித்தனியாக லேசாக வறுத்து, அரைத்து, சலித்து வைத்துக்கொள்ளுங்கள். சலிப்பதில் சோம்பல் படாதீர்கள், சுக்கு நார் பல்லிடுக்கில் மாட்டினால் அன்றைக்கு முழுக்க நாக்கு அங்கேயே போய்க்கொண்டிருக்கும். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி அடுப்பில் வைத்து, கொதித்து வந்ததும் தீயைக் குறைத்துப் பொடியைத் தூவிக் கிளற வேண்டும், நெய்யும் நல்லெண்ணெயும் கொஞ்சம் கொஞ்சமாக. கரண்டியில் ஒட்டாமல் சுருண்டு, ஓரத்தில் நெய் கக்கி வரும்போது இறக்கி, நன்றாக ஆறின பிறகு தேன். சிலர் கொதிக்கக் கொதிக்கத் தேனை ஊற்றுகிறார்கள், வேண்டாம், வாசமே போய்விடும்.

இந்தக் கிளறும் வேலையை மட்டும் முறுக்கு சுடுகிறவரிடம் கொடுக்காதீர்கள். நான் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். பண்டிகை டென்ஷன் என்று நாம் பொதுவாகச் சொல்வது ரயிலில் டிக்கெட் கிடைக்காததும் விளக்குத்தூண் கூட்டத்தில் துணி எடுப்பதும் போனஸ் வந்த வேகத்தில் கரைவதும்தான், ஆனால் பெரும்பாலான வீடுகளில் அந்த டென்ஷனில் முக்கால்வாசி ஒரே ஒரு ஆள் தலையில், அதுவும் அடுப்படியில்தான் இறங்குகிறது. முந்தின ராத்திரி பன்னிரண்டு மணி வரை எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றுவிட்டு, விடிகாலை நாலு மணிக்கு எல்லாருக்கும் முன்னால் எழுந்து எண்ணெய் காய்ச்சி, வெந்நீர் போடுகிறவருக்கு எந்த லேகியமும் வேலை செய்யாது, அவருக்கு வேண்டியது தூக்கம். லேகியத்தில் ஒரு சௌகரியம், ஒரு வாரம் முன்பே செய்து வைக்கலாம். எங்கள் வீட்டில் இது என் வேலையும் தம்பி வேலையும் என்று ஆகிவிட்டது, அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பதம் மட்டும் சொல்வார். "இன்னும் ஒரு கொதி போகட்டும்டா" என்பது தவிர அன்றைக்கு அவர் அடுப்படியில் ஒன்றும் செய்யவில்லை.

அடுத்தது, வேலை செய்கிறதா? எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, வெறும் வயிற்றில், ஸ்வீட்டில் கை வைப்பதற்கு முன்னால் ஒரு சின்ன நெல்லிக்காய் அளவு. ஐப்பசி அடைமழைக் காலம், வடகிழக்குப் பருவமழை சாதாரணமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கும், 2025இல் தீபாவளியே அந்தத் தேதியில்தான் வந்தது. குளிர்ந்த விடியலில் தலைக்குக் குளித்து, உடனே எண்ணெய்ப் பலகாரம் சாப்பிடுகிற உடம்புக்குச் சுக்கும் மிளகும் திப்பிலியும் முதலில் போவது நல்ல ஏற்பாடு. சுக்கு வயிற்றுப் பிரட்டலை அடக்கும் என்பது அனுபவத்திலும் ஆய்விலும் தெரிந்ததுதான். எனக்கு மதியம் வழக்கமாக வரும் உப்புசமும் ஏப்பமும் குறைவாகவே இருந்தது. ஆனால் ஒன்று, அந்தக் காரம் வயிற்றில் இறங்கினதும் அதிரசம் ஒன்றோடு போதும் என்று தோன்றிவிட்டது. உப்புசம் குறைந்தது அதனாலா, மருந்தாலா என்று கேட்டால் ரெண்டும்தான் என்பேன்.

"லேகியம் சாப்பிட்டாச்சில்ல, இன்னும் ரெண்டு எடுத்துக்கோங்க மாப்பிள்ளை" என்று தட்டில் போடுகிற மாமாக்கள் எல்லா வீட்டிலும் உண்டு. லேகியம் செரிமானத்துக்குத்தான், சர்க்கரையைக் கழிக்க அல்ல. ஒருவர் ஒரு நாளில் எடுக்கும் சேர்த்த சர்க்கரை மொத்தம் 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரெண்டு ஜாங்கிரியிலேயே அதில் பெரும்பங்கு போய்விடும். போதாததற்கு லேகியத்திலேயே வெல்லமும் தேனும் இருக்கிறது, வெல்லம் என்றால் சர்க்கரை ஏறாது என்று சுகர் உள்ளவர்கள் நம்ப வேண்டாம், ஏறும். அவர்கள் சுக்கு, மிளகு, தனியா தட்டிப்போட்டுக் கொதிக்க வைத்த கஷாயத்தை வெல்லம் இல்லாமல் குடிக்கலாம். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதிமதுரத்தில் கவனமாக இருங்கள், அதிகம் போனால் ரத்த அழுத்தத்தை ஏற்றி, பொட்டாசியத்தைக் குறைக்கும். கடையில் சொன்னால் அந்தப் பொட்டலத்தை எடுத்துவிட்டே கொடுப்பார்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் சேர்ந்த எதுவும் கூடாது, பாட்டி ஆசையாக நாக்கில் தடவ வந்தாலும் தடுத்துவிடுங்கள்.

அல்சர், நெஞ்செரிச்சல் இருப்பவர்களுக்கு வெறும் வயிற்றில் இந்தக் காரம் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், தம்பிக்கு அப்படித்தான், அவன் இட்லிக்கு அப்புறம் சாப்பிடுகிறான்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், அரை மார்க் சித்தரத்தைக்காகக் குறைத்தது. கடையில் ஜிபே உண்டு, ஆனால் கூட்ட நேரத்தில் நெட்வொர்க் சுற்றிக்கொண்டே இருக்கும், சில்லறையாகக் காசு கொண்டு போங்கள். வண்டியைத் தள்ளி எங்கேயாவது விட்டுவிட்டு நடந்து போவது நல்லது. அரைக் கிலோ வெல்லத்துக்கு ஒரு செட் சரியாக இருக்கும், பெரிய குடும்பம் என்றால் ரெண்டு கேளுங்கள்.