க்ரோனியோடு ஆறு வருடம்: நேர சர்வர் பதில் சொல்கிறதா என்று பார்ப்பது எப்படி

காலை ஷிஃப்ட் 6 மணிக்கு. 5.55க்கு வந்து விரல் வைத்தவருக்கு 6.02 என்று பதிவாகி, லேட் விழுந்து, கூலியில் பிடித்தமும் ஆகிவிட்டது. ஒன்றிரண்டு பேர் முணுமுணுத்தபோது டைம் ஆபீஸில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மேஸ்திரி ஒருவர் தன் செல்போனையும் பஞ்ச் மெஷினையும் ஒட்டி வைத்துப் படம் பிடித்து எனக்கு வாட்ஸப்பில் அனுப்பினார். கீழே ஒரே வரி: "எது நிஜமுங்க?"

செல்போன்தான் நிஜம். கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இது நடந்தது 2019இல். பஞ்ச் மெஷின்கள் வருகைப்பதிவு சர்வரிடமிருந்து நேரம் வாங்கிக்கொள்ளும். அந்த சர்வரோ 7 நிமிடம் முந்திப் போயிருந்தது. நேர சர்வரைக் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்தும் என்டிபிடேட் கட்டளை மணிக்கொரு தடவை ஓடும்படி, வேலைகளைக் குறித்த நேரத்தில் ஓட்டும் க்ரானில் ஒரு வரி இருந்தது, எழுதியவன் நான்தான். மெயில் வந்து குவிகிறதே என்று அதன் வெளியீட்டை டெவ் நல்லுக்கு, அதாவது போட்டதெல்லாம் காணாமல் போகும் குழிக்குத் திருப்பிவிட்டவனும் நான்தான். நான்கு மாதம் முன்பு நெட்வொர்க்கில் போவதையும் வருவதையும் வடிகட்டும் ஃபயர்வால் பெட்டியை மாற்றினோம். அன்றிலிருந்து ஒரு தடவைகூட நேரம் வந்து சேரவில்லை. அது கத்தியதெல்லாம் நல்லுக்குள் போய் விழுந்திருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் நாளொன்றுக்கு மூன்றரை வினாடி, அதாவது பத்து லட்சத்தில் 40 பங்கு பிசகு. தனியாக விட்ட சாதாரண குவார்ட்ஸ் படிகம் அந்த அளவுக்கு ஓடத்தான் செய்யும்.

அந்த வாரமே க்ரோனிக்கு மாறினேன்; பின்னணியில் ஓயாமல் ஓடி சர்வரின் கடிகாரத்தைச் சரியாக வைத்திருக்கும் மென்பொருள் அது. நேரத்தைப் பிடித்து வைப்பதில் அதன் மேல் எனக்குக் குறையில்லை. சர்வருக்கும் நேர சர்வருக்கும் நடுவே பாதை திறந்திருக்கிறதா என்று பார்க்க அது எவ்வளவு உதவியது, எங்கே காலை வாரியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த நாளின் கதையை முடித்துவிடுகிறேன். நெட்வொர்க் பார்க்கும் தம்பியைக் கூப்பிட்டேன். ஒப்பந்தத்தில் வருகிற பையன், கெட்டிக்காரன்தான். "பிங் போகுதுங்ளேண்ணா, அப்புறமென்ன?" என்றான். எதிர் இயந்திரம் பதில் சொல்கிறதா என்று தட்டிப் பார்க்கும் பிங் ஓடுவது ஐசிஎம்பி என்ற வழியில். நேரம் கேட்கும் நெறிமுறையான என்டிபி போவது யுடிபி 123இல், அதாவது யுடிபி என்ற வேறொரு வழியில், 123ஆம் எண் கதவில் (போர்ட்டில்). ஒன்று போனால் மற்றது போகும் என்று எந்த விதியும் இல்லை. பிங்கை அடைத்து வைத்துவிட்டு நேரத்தை மட்டும் ஒழுங்காகக் கொடுக்கும் சர்வர்களும் நிறைய உண்டு. அதைச் சொன்னதும், போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்க்கும் நெட்கேட்டை யுடிபி முறையில் 123க்கு ஓட்டிக் காட்டினான். "சக்ஸீடட்" என்று வந்தது. வெற்றிச் சிரிப்பு வேறு.

இந்த இடத்தில் எத்தனை பேர் ஏமாந்திருப்பார்கள் என்று தெரியாது, நானும் ஏமாந்தவன்தான். டிசிபி என்ற இன்னொரு வழியில் கதவைத் தட்டினால் எதிர்ப்பக்கம் கை கொடுத்தாக வேண்டும், அதனால் திறந்ததா மூடியதா என்பது தெரிந்துவிடும். யுடிபியில் அப்படிக் கிடையாது. "இங்கே யாரும் இல்லை" என்று ஐசிஎம்பி பதில் திரும்பி வராதவரை நெட்கேட் அதைத் திறந்த கதவாகவே எடுத்துக்கொள்ளும். நடுவில் ஃபயர்வால் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டாலும் அதன் கண்ணுக்கு வெற்றிதான். போர்ட்களைத் துழாவும் என்மேப் கொஞ்சம் நேர்மை; "திறந்தது அல்லது வடிகட்டப்பட்டது" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லி ஒதுங்கிக்கொள்ளும். டெல்நெட்டில் 123ஐத் தட்டிப் பார்க்கிறவர்களை இன்றும் பார்க்கிறேன். அது டிசிபி, அந்தப் பக்கம் பேச ஆளே இருக்காது.

போய்வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பைத் திறந்து போர்ட் 123 மட்டும் தெரியும்படி விட்டு, பக்கத்து ஜன்னலில் என்டிபிடேட்டை ஓட்டினேன். "என்டிபிவி4, கிளையன்ட், நீளம் 48" என்று ஒரு வரி. இரண்டு வினாடி கழித்து இன்னொன்று. அதன் பின் இன்னொன்று. எல்லாமே போகிற வரிகள். "சர்வர், நீளம் 48" என்று திரும்பி வர வேண்டிய வரியைக் காணோம். பையன் எட்டிப் பார்த்தான், முகம் மாறியது, ஃபயர்வால் பக்கத்தைத் திறந்தான். பழைய பெட்டியில் இருந்த விதி புதியதற்குப் போகவே இல்லை.

விதியைச் சேர்த்தான். என்டிபிடேட் ஓடியது, நேரம் சரியானது, டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்து க்ரோனியை நிறுவினால் ஒரு பதிலும் வரவில்லை! அதே சர்வர், அதே முகவரி, அதே போர்ட். இரண்டு மணி நேரம் போனது இதற்கு. சிக்கல், பாக்கெட் கிளம்புகிற போர்ட்டில் இருந்தது. என்டிபிடேட் கிளம்புவதும் 123, போய்ச் சேருவதும் 123. பையன் டிசிபிடம்ப்பில் பார்த்ததை அப்படியே விதியாக எழுதியிருந்தான்: இந்தப் பக்கமும் 123, அந்தப் பக்கமும் 123. க்ரோனி கிளம்புகிற போர்ட்டை இயங்குதளம் அவ்வப்போது ஏதோ ஓர் எண்ணாக ஒதுக்கும். யாரும் ஊகித்துப் போலிப் பதில் அனுப்பக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. க்ரோனியையும் 123லிருந்தே கிளப்ப ஓர் அமைப்பு உண்டு. நான் அதைத் தொடவில்லை, விதியைத் திருத்தச் சொன்னேன். இதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. என்டிபிடேட்டை "-க்யூ" போட்டு வெறும் கேள்வியாக ஓட்டினால் அது 123லிருந்து கிளம்பாது. சோதனையில் ஒரு பாதை, க்ரானில் வேறு பாதை. சோதித்தபோது போன வண்டி நிஜத்தில் போகாமல் நிற்கும்.

123 என்றாலே ஃபயர்வால்காரர்கள் ஏன் இப்படி முறைக்கிறார்கள் என்றால் அதற்கும் காரணம் உண்டு. பழைய என்டிபி சர்வர்களில் மான்லிஸ்ட் என்று ஒரு கட்டளை இருந்தது. ஒரு சின்னக் கேள்விக்குப் பல மடங்கு பெரிய பதில். 2014 தொடக்கத்தில் அதை வைத்துப் பெரிய பெரிய தாக்குதல்கள் நடந்தன. அதற்குப் பிறகு பல இணைய நிறுவனங்கள் 123இல் வருவதை வடிகட்டவோ வேகம் குறைக்கவோ தொடங்கின. நம் பக்கம் எல்லாம் சரியாக இருந்தும் பாக்கெட் நடுவழியில் காணாமல் போவதுண்டு.

இனி க்ரோனி. நான் தினமும் பார்ப்பது "க்ரோனிசி சோர்சஸ்", க்ரோனியிடம் நிலவரம் கேட்கும் கட்டளை. வரிசையாக நேர சர்வர்கள், முன்னால் ஒரு குறி. நட்சத்திரம் இருந்தால் அதைத்தான் இப்போது பின்பற்றுகிறது. கூட்டல் குறி இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்கிறது. கேள்விக்குறி என்றால் ஏதோ கோளாறு. ஆனால் நான் முதலில் பார்ப்பது "ரீச்" என்ற எண்ணை. இதுபோல் பயனுள்ள எண்ணும் இல்லை, இதுபோல் குழப்பும் எண்ணும் இல்லை. கடைசி எட்டுக் கேள்விகளில் எவற்றுக்குப் பதில் வந்தது என்பதை எட்டு பிட்டுகளாக வைத்து, எட்டை அடியாகக் கொண்ட எண்ம முறையில் காட்டுகிறார்கள். எட்டும் வந்திருந்தால் 377. புதிதாகத் தொடங்கினால் 1, 3, 7, 17, 37, 77, 177, 377 என்று ஏறும். பாதை அறுந்தால் 376, 374, 370, 360, 340, 300, 200 என்று இறங்கிக் கடைசியில் 0. மனப்பாடம் ஆகிவிட்டால் ஒரே பார்வையில் தெரியும்: 376 என்றால் இப்போதுதான் ஒன்று தவறியது, 357 என்றால் நடுவில் ஒன்று போய்விட்டது, பிறகு தேறிவிட்டது. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி "377 மில்லிசெகண்டாண்ணா?" என்று கேட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

ரீச்சில் ஒரு வஞ்சனை உண்டு. எல்லாம் நிதானமாக ஓடும்போது க்ரோனி கேள்வி கேட்கும் இடைவெளியை நீட்டிக்கொண்டே போகும். "போல்" என்ற எண் 6 என்றால் 64 வினாடிக்கு ஒரு தடவை. 10 என்றால் 1024 வினாடிக்கு ஒரு தடவை. 10இல் இருக்கும்போது பாதை அறுந்தால் ரீச் 0க்கு வர 2 மணி 16 நிமிடம் ஆகும். அதுவரை அரைகுறை எண்தான் தெரியும். பக்கத்திலேயே "லாஸ்ட் ஆர்எக்ஸ்" என்ற பத்தி இருக்கிறது, கடைசிப் பதில் வந்து எவ்வளவு நேரமாயிற்று என்று. ஃபயர்வாலில் கை வைத்த நாட்களில் நான் அதைத்தான் பார்க்கிறேன்.

சந்தேகம் வந்தால் க்ரோனியின் "என்டிபிடேட்டா" கட்டளை. (என்டிபிடேட் வேறு, இது வேறு; பேர் வைத்தவர்களுக்கு ஒரு கும்பிடு.) ரூட்டாக (முழு உரிமையுள்ள பயனராக) இருந்து ஓட்ட வேண்டும். நீளமாக வரும், கடைசியில் மூன்று வரி போதும்: எத்தனை அனுப்பினேன், எத்தனை வந்தது, வந்ததில் எத்தனை செல்லுபடி. அனுப்பியது ஏறுகிறது, வந்தது 0 என்றால் நடுவில் அடைப்பு அல்லது எதிரில் ஆள் இல்லை. வந்தது ஏறுகிறது, செல்லுபடி ஏறவில்லை என்றால் நெட்வொர்க்காரரைத் திட்ட வேண்டாம், சர்வரே சரியில்லை. இந்த மூன்று வரியை வைத்து எத்தனை தொலைபேசிச் சண்டைகளை முடித்திருக்கிறேன்! டிசிபிடம்ப் இல்லாத சர்வர்களிலும் இது இருக்கும் என்பது கூடுதல் வசதி.

பட்டியலில் சர்வரே காணோம் என்றால் "ஆக்டிவிட்டி" என்று கேட்டுப் பாருங்கள். முகவரி தெரியாத சர்வர்கள் இத்தனை என்று காட்டினால் கோளாறு, பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில். 123க்கு அங்கே வேலையே இல்லை.

நேர நிலவரம் காட்டும் லினக்ஸ் கட்டளையான டைம்டேட்சிடிஎல்லை மட்டும் நம்பாதீர்கள். "என்டிபி சர்வீஸ்: ஆக்டிவ்" என்றால் சேவை ஓடுகிறது, அவ்வளவுதான். பதில் வருகிறதா என்பது அதற்குத் தெரியாது. அதற்கு மேலே உள்ள "ஒத்திசைந்தது: யெஸ்" வரியும் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் உள்ள ஒரு கொடியை (ஆம்/இல்லைக் குறியை) படித்துச் சொல்வது, கேபிளைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தாலும் நெடுநேரம் யெஸ் என்றே நிற்கும்.

மூன்றாவது வருடத்தில் ஒரு விநோதம். ரீச் 377. அனுப்பியது, வந்தது, செல்லுபடி மூன்றும் சமமாக ஏறுகின்றன. ஆனாலும் முன்னால் கேள்விக்குறி. பாதையில் குற்றமே இல்லை, க்ரோனி ஏற்க மறுக்கிறது. அந்த சர்வர் ஒரு விண்டோஸ் டொமைன் கன்ட்ரோலர், அதாவது ஆலையின் உள்நுழைவுகளைச் சரிபார்க்கும் சர்வர். வெளியே எங்கிருந்தும் நேரம் வாங்காமல், தன் மதர்போர்டு கடிகாரத்தையே பார்த்து ஊருக்கெல்லாம் நேரம் சொல்லிக்கொண்டிருந்தது. "என் நேரத்தில் 10 வினாடிவரை பிசகு இருக்கலாம்" என்று அதுவே ரூட் டிஸ்பர்ஷன் என்ற புலத்தில் ஒப்புக்கொள்கிறது. க்ரோனியின் இயல்பான எல்லை 3 வினாடி, அதனால் தள்ளி வைத்தது. இணையத்தில் தேடினால் அந்த எல்லையை 16 ஆக்கு என்று யோசனை கிடைக்கும். செய்யாதீர்கள், அது தெர்மாமீட்டரை உடைக்கிற வைத்தியம். அந்த விண்டோஸில் "டபிள்யூ32டிஎம்" கொண்டு நிலையைக் கேட்டோம். மூலம் "லோக்கல் சிமாஸ் கிளாக்" என்று வந்தது. அதற்கு வெளியிலிருந்து ஒரு நல்ல மூலத்தைக் கொடுத்ததும் கேள்விக்குறி போய் நட்சத்திரம் வந்தது. எல்லா இயந்திரமும் சேர்ந்து பிசகியதால், உள்நுழைவைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் நெறிமுறை அதுவரை வாய் திறக்கவில்லை. அதன் ஐந்து நிமிடக் கெடு ஒருவருக்கொருவர் இடையிலான வித்தியாசத்துக்குத்தான்.

2022 ஏப்ரல் 28இல், இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் உத்தரவு போட்ட பிறகு இதெல்லாம் என் சொந்தக் கவலையாக மட்டும் இல்லாமல் போனது. தேசிய தகவல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு, அல்லது அவற்றிலிருந்து வழிவழியாக நேரம் பெறும் சர்வரோடு எல்லா இயந்திரங்களும் ஒத்துப்போக வேண்டும். ஆலைக்குள் இரண்டு சர்வர்களை மட்டும் வெளியே பேச விட்டு, மற்ற எல்லாவற்றையும் அந்த இரண்டிடம் கேட்கச் சொன்னேன். ஃபயர்வாலில் இரண்டு ஓட்டை போதும். வெளியே பேசுபவற்றுக்குத் தகவல் மையத்தின் சமய்1, சமய்2, ஆய்வகத்தின் சர்வர் மூன்றையும் கொடுத்தேன். இரண்டே மூலம் இருந்து, அவை ஒன்றோடொன்று முரண்பட்டால் எது பொய் என்று க்ரோனியால் சொல்ல முடியாது. தணிக்கைக்கு வந்தவர் சான்று கேட்டார். அமைப்புக் கோப்பை நீட்டினேன். "எழுதி வெச்சிருக்கீங்க, சரி. பேசுதான்னு காட்டுங்க" என்றார். அன்றைக்கு அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது.

ஆறு வருடத்தில் தீராத குறைகள்: எண்ம எண் ஒன்று. கேள்விக்குறிக்குள் நாலைந்து காரணத்தை ஒளித்து வைப்பது இன்னொன்று. பிந்தைய பதிப்புகளில் "செலக்ட்டேட்டா" வந்து காரணத்தை ஓர் எழுத்தில் சொல்கிறது, அந்த எழுத்துக்கு மறுபடியும் கையேட்டைப் புரட்ட வேண்டும். மற்றபடி, சர்வர் துவங்கும்போது "வெயிட்சின்க் 6 0.1" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். பத்து வினாடிக்கு ஒரு தடவையாக ஆறு தடவை பார்த்து, பிசகு 0.1 வினாடிக்குள் வந்தால்தான் வருகைப்பதிவு மென்பொருள் எழும். கண்காணிப்புக்கு "-சி" போட்டுக் காற்புள்ளி பிரித்த வெளியீட்டை வாங்கி, கடைசிப் பதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பழசானால் என் போனுக்குச் செய்தி வரும்படி ஒரு சின்ன ஸ்கிரிப்ட். அதன் வெளியீட்டை எங்கேயும் திருப்பிவிடவில்லை.

பஞ்ச் மெஷின்கள் மட்டும் இன்னும் பாக்கி. அவை என்டிபி பேசாத பழைய மாடல். சர்வர் நாளுக்கு ஒரு தடவை நேரத்தைத் தள்ளிவிட்டால்தான் உண்டு. இரண்டாவது கேட்டில் இருப்பது எப்போதும் மூன்று நான்கு வினாடி முந்தித்தான் நிற்கிறது. மேஸ்திரி இன்றும் மாதம் ஒரு தடவை படம் அனுப்புகிறார்.