குலாங்யூவுக்குப் போகாத குலாங்யூ படகு

சீனாவில் வேலையில் இருப்பவர்கள், குறிப்பாக ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைத்து ஷியாமென் என்ற கடலோர நகரத்துக்குக் கூட்டிப்போக நினைப்பவர்கள், படகுத்துறைப் பக்கம் போவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எங்களிடமிருந்து போனது 640 யுவான்தான். நான்கு பேருக்கு அது பெரிய தொகை இல்லை. ஆனால் அதோடு சேர்ந்து ஒரு பகலும் போனது, அதை யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

நான் ஷென்சென்னில் இருக்கிறேன். போன நவம்பரில் அப்பா பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்தார். நாற்பது வருடமாக சர்ச்சில் ஆர்மோனியம் வாசிக்கிறவர். ஷியாமெனுக்கு எதிரே கடலில் குலாங்யூ என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. மொத்தப் பரப்பே இரண்டு சதுர கிலோமீட்டருக்குள்தான். 1842இல் நான்ஜிங் ஒப்பந்தத்துக்குப் பிறகு ஷியாமென் துறைமுகம் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்துவிடப்பட்டது. அப்போது அதன் பெயர் அமோய். வந்த வெள்ளைக்காரர்கள் இந்தத் தீவில் பங்களா, தூதரகம், சர்ச் என்று கட்டிக்கொண்டார்கள். அவர்களோடு பியானோவும் வந்தது. இன்றைக்கும் அதைப் பியானோ தீவு என்றுதான் சொல்கிறார்கள். 2017இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பியானோவுக்கு ஒரு அருங்காட்சியகம், ஆர்கனுக்குத் தனியாக இன்னொன்று. காற்றடித்து வாசிக்கிற ஆர்கன்கள் என்று நான் சொன்னதுமே, "அப்போ நம்ம பெட்டிக்கு அண்ணன் தம்பிதான்" என்று அப்பா கிளம்பிவிட்டார்.

காலை ஒன்பது மணிக்கு ஜோங்ஷான் சாலையின் கடற்கரை முனையில் இருக்கிற படகுத்துறைக்குப் போனோம். எதிரே தீவு, சத்தமாகக் கூப்பிட்டால் கேட்கும் போலிருக்கிற தூரத்தில். அங்கேதான் டிக்கெட் விற்கிற ஒரு அம்மா வந்தாள். வெயில் தொப்பி, கழுத்தில் ஏதோ ஒரு அடையாள அட்டை, கையில் பிளாஸ்டிக் உறை போட்ட தீவின் படம். என் போனில் மொழிபெயர்ப்பைத் திறந்து வைத்துப் பேசினோம். அவள் சொன்னது நாலே விஷயம். இந்தத் துறையிலிருந்து பகலில் உள்ளூர்க்காரர்கள் மட்டும்தான் போகலாம். சுற்றுலாப் பயணிகளுக்கான துறை வேறு இடத்தில் இருக்கிறது. அங்கே ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு உண்டு, டிக்கெட் தீர்ந்துவிடும். என்னிடம் குலாங்யூ படகு இருக்கிறது, தலைக்கு 160.

பிறகு விசாரித்ததில், இந்த நாலில் ஒன்றுகூடப் பொய் இல்லை. என்னை இன்னும் உறுத்துவது அதுதான். 2014இலிருந்து பகல் நேரத்தில் வெளியூர்க்காரர்கள் அந்தத் துறையில் ஏற முடியாது, உண்மை. நாலைந்து கிலோமீட்டர் வடக்கே துங்தூவில் இருக்கிற கப்பல் முனையத்துக்குத்தான் போகவேண்டும், உண்மை. தீவுக்கு ஒரு நாளைக்கு 50,000 பேர் என்று உச்சவரம்பு, அதுவும் உண்மை. அவளிடம் குலாங்யூ படகு இருந்ததும் உண்மைதான். அது தீவில் நிற்குமா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு போய் வேறொரு துறையில் இறக்கினார்கள். ரொக்கமாகக் கொடுத்தேன். சீனாவில் கீரைக்கட்டு விற்கிறவர்கூட போனிலேயே பணம் வாங்கும்போது, ரொக்கம் போதும் என்று ஒருத்தி சொன்னால் அங்கேயே நின்றிருக்க வேண்டும். இன்னொன்றையும் கவனிக்காமல் விட்டேன். பாஸ்போர்ட் கேட்கவே இல்லை. தீவுக்குப் போகிற சுற்றுலாப் படகில் எல்லாமே பெயரோடும் அடையாள ஆவணத்தோடும்தான். நமக்கு அது பாஸ்போர்ட்.

படகு நன்றாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மேல்தளத்தில் உட்கார ஆளுக்கு இன்னொரு 30 யுவான் கேட்டார்கள், கொடுக்கவில்லை. கிளம்பிய கொஞ்ச நேரத்தில் தீவின் ஓரமாகவே போனது. பாறைமேல் கடலைப் பார்த்து நிற்கும் செங் செங்கோங்கின் பெரிய சிலை வந்தது. 1662இல் டச்சுக்காரர்களைத் தைவானிலிருந்து விரட்டியவர் அவர். ஒலிபெருக்கியில் ஏதோ விளக்கம் சொன்னார்கள், எல்லோரும் ஒரே பக்கமாக வந்து படம் எடுத்தார்கள். சூரிய ஒளிப் பாறை வந்தது. அப்புறம் மரங்களுக்கு மேலே சிவப்பாக ஒரு கும்மட்டம். அந்தக் கட்டடம்தான் ஆர்கன் அருங்காட்சியகம். அப்பா எழுந்து நின்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டார், இறங்கத் தயாராக. கும்மட்டம் மெதுவாகப் பின்னால் போனது.

"எய்யா, படகு ஏன் நிக்காமலே போகுது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த துறையில் நிற்கும் என்றேன். நாற்பது நிமிடம் கழித்து ஏறின இடத்திலேயே இறக்கிவிட்டார்கள்.

டிக்கெட்டைப் படம் பிடித்து என்னோடு வேலை பார்க்கிற சீனப் பையனுக்கு அனுப்பினேன். உடனே போன் செய்தான். "அண்ணா, இதில் ஹுவான் தாவ் என்று போட்டிருக்கிறது. தீவைச் சுற்றி வருவது என்று அர்த்தம். தீவில் இறங்கணும்னா ஷாங் தாவ் என்று கேட்டிருக்கணும்." (அண்ணா என்பது நாங்கள் பழக்கிவிட்டது.) அப்புறம் கொஞ்சம் தயங்கி, "விலை 80 என்று அச்சிட்டிருக்கிறதே, எவ்வளவு கொடுத்தீர்கள்?" என்று கேட்டான்.

ஆக, அந்த இரண்டு சொல்லையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஹுவான் தாவ் என்றால் சுற்றல், ஷாங் தாவ் என்றால் இறங்கல். பெயரிலேயே ஒரு குறிப்பு உண்டு. யோச்சுவான் என்றால் உல்லாசப் படகு, லுன்தூ என்றால் அக்கரைக்குக் கொண்டுவிடும் படகு. உங்களுக்கு வேண்டியது லுன்தூ. 'கடலிலிருந்து ஜின்மென் பார்க்கலாம்' என்று விற்கிறார்களே, அதுவும் யோச்சுவான்தான். தைவான் ஆட்சியில் இருக்கிற அந்தத் தீவை எட்ட நின்று பார்த்துவிட்டுத் திரும்புவது. ஜின்மெனில் நிஜமாகவே இறங்கவேண்டும் என்றால் அது சீனாவை விட்டு வெளியேறுவதாகக் கணக்கு. ஒருமுறை நுழைவு விசாவில் வந்த அப்பா அம்மாவை அங்கே கூட்டிப்போய்விட்டால் திரும்பி உள்ளே வர முடியாது. ஜாக்கிரதை.

மதியம் இன்னொரு சின்ன அடி. செங்சுவோ ஆன் பக்கம் ஒரு கடல் உணவுக் கடையில் இறாலுக்கு 26 என்று பலகையில் போட்டிருந்தது. அரைக் கிலோவுக்கு என்று நினைத்துக்கொண்டோம். சீனச் சந்தையில் எல்லாமே ஜின் கணக்கு, ஒரு ஜின் 500 கிராம். பில் வந்தபோதுதான் பார்த்தோம், அது லியாங் விலை. ஒரு லியாங் 50 கிராம். தண்ணீரோடு பையில் போட்டு நிறுத்த இறால் 700 கிராம், 364 யுவான். 2015இல் சிங்தாவில் ஒரு கடையில் 38 யுவான் என்று போட்ட இறாலை, ஒரு தட்டுக்கு இல்லை, ஒரு இறாலுக்கு என்று சொல்லி வாங்கினார்களே, அந்தக் கதையைப் படித்துச் சிரித்தவன்தான் நான். பலகையில் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிற எழுத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரை வடித்துவிட்டு நிறுக்கச் சொல்லுங்கள். சொன்னால் செய்கிறார்கள்.

விடுதிக்கு வந்ததும் வரவேற்பில் இருந்த பெண்ணிடம் சொன்னேன். அவளே 12345க்கு போன் போட்டுப் புகாரைப் பதிவு செய்தாள். அது அரசுப் புகார் எண். மறுநாளே திருப்பி அழைத்தார்கள், அந்த மட்டும் பாராட்டலாம். பதில்தான் ஒன்றுக்கும் ஆகவில்லை. படகுக்காரர்கள் 80 யுவான் டிக்கெட்டுக்கு 80 யுவான் சவாரி கொடுத்தாயிற்றாம். மீதி 80ஐ வாங்கிய அம்மா யாரென்று தெரியாதாம். ரசீது இல்லை, போனில் பணம் போன தடயமும் இல்லை. ரொக்கம் ஏன் போதும் என்றாள் என்பது அப்போதுதான் புரிந்தது.

அந்த வரவேற்புப் பெண் சொன்ன முறை இது. படகு நிறுவனத்தின் வீசாட் பக்கத்தில் முன்கூட்டியே பதிவு செய்யவேண்டும். போக வர சேர்த்தே 35 யுவான். துங்தூ முனையத்தில் பாஸ்போர்ட்டோடு போய் ஏறினால் இருபது நிமிடம். தீவில் சான்சியூத்தியன் என்ற துறையில் இறங்கினால் ஆர்கன் அருங்காட்சியகம் பக்கம். நேய்சுவோ ஆவ் துறை தீவின் மறுபுறம். கூட்டம் குறைவு, ஆனால் முட்டி வலிக்காரர்களுக்கு நடை அதிகம். தீவில் காரும் கிடையாது, சைக்கிளும் கிடையாது. ஓரமாகச் சுற்றிவர மின்சார வண்டி மட்டும் உண்டு.

கடைசியாக இன்னொன்று சொன்னாள். மாலை ஆறு மணி வாக்கில் அந்த ஜோங்ஷான் சாலைத் துறையே வெளியூர்க்காரர்களுக்கும் திறந்துவிடுமாம். காலையில் நாங்கள் நின்ற அதே வாசல்.

போனோம். ஏறி உட்காருவதற்குள் அக்கரை வந்துவிட்டது, பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அரைகுறை வெளிச்சத்தில் மேடேறி, அப்பா இரண்டு இடத்தில் உட்கார்ந்து, அந்தச் சிவப்புக் கும்மட்டத்தைத் தேடிக் கண்டுபிடித்தோம். அடைத்திருந்தது. மறுநாள் காலை சுவான்சோவுக்கு ரயில் டிக்கெட் எடுத்தாயிற்று. அங்கே 1281ஆம் வருடத்துத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த கதையையும், கையுவான் கோயிலின் பின்பக்கத் தூண்களில் நம் ஊர்ச் சிற்ப வேலை இருப்பதையும் சொல்லி அவரைத் தேற்றப் பார்த்தேன். அப்பா கேட்டுக்கொண்டே வாசல் கதவருகில் போனார். அங்கே ஒரு பலகை, முழுக்கச் சீன எழுத்து. அதில் அவருக்குப் படிக்கத் தெரிந்தது திறக்கிற நேரமும் மூடுகிற நேரமும் மட்டும்தான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனில் அதை ஒரு படம் எடுத்துக்கொண்டார்.