கூடைப்பந்துப் பயிற்சி வகுப்பு: ஒரு பருவம் முடிந்தபின் ஒரு தந்தையின் மதிப்பீடு

உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகனை, சிங்கப்பூரின் வடக்குப் பகுதியில் இயங்கும் ஒரு தனியார் கூடைப்பந்துப் பயிற்சி வகுப்பில் இந்த ஆண்டு சேர்த்தேன். பத்து வாரங்கள், சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம், கட்டணம் 380 வெள்ளி. பாராட்டுவதற்கும் குறை சொல்வதற்கும் ஏறக்குறைய சம அளவில் விஷயம் இருப்பதால் வகுப்பின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இத்தகைய வகுப்பில் பிள்ளையைச் சேர்க்க எண்ணும் பெற்றோர் என்னென்ன கேட்க வேண்டும் என்பதற்கு இது உதவினால் போதும்.

முதல் மூன்று வாரங்கள் பிள்ளைகளைக் கூடையை நோக்கிப் பந்தெறியவே விடவில்லை. முழங்காலை மடக்கித் தாழ்ந்து நிற்பது, கால்களைப் பின்னாமல் பக்கவாட்டில் நகர்வது, இடக்கையால் மட்டும் பந்தைத் தட்டிக்கொண்டு கூம்புகளுக்கிடையே வளைந்து ஓடுவது என்றே நேரம் கழிந்தது. "பந்து விளையாடவா போனேன், நண்டு மாதிரி நடக்கவா போனேன்?" என்று மகன் வீட்டில் முணுமுணுத்தான். ஆனால் ஐந்தாம் வாரத்தில் பள்ளி அணிப் பயிற்சியின்போது தன்னைவிட உயரமான ஒரு மாணவனை மூன்று முறை தடுத்து நிறுத்தியதாக அவனே சொல்லிக்கொண்டு வந்தான். பள்ளியின் இணைப்பாட நடவடிக்கையில் முப்பது, நாற்பது பேருக்கு நடுவில் ஒவ்வொருவனின் காலடியையும் கவனிக்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை. இங்கே பதினான்கு பிள்ளைகளுக்கு இரண்டு பயிற்றுநர்கள். கொடுத்த பணத்தின் பெரும்பகுதி இதற்கே என்று நான் கணக்கு வைத்துக்கொண்டேன்.

நான் எதிர்பார்க்காமல் கிடைத்தது, இரண்டு வாரத்திற்கு ஒருமுறை நடந்த அரை மணி நேரக் காணொளிப் பாடம். மூத்த பயிற்றுநர் ஒரே ஒரு இளம் வீரரை எடுத்துக்கொண்டு அவருடைய வளர்ச்சியை ஆண்டுவாரியாகக் காட்டினார். அவர் அமெரிக்காவின் மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸ் அணியின் ஆன்டனி எட்வர்ட்ஸ். 2001இல் அட்லாண்டாவில் பிறந்து, ஓராண்டு மட்டும் ஜார்ஜியா பல்கலைக்கழகத்திற்காக ஆடி, 2020இல் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ, அணிகளுக்குப் புதிய வீரர்களை எடுக்கும் ஆண்டுத் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். முதல் பருவத்தில் சராசரியாக ஆட்டத்துக்கு 19.3 புள்ளிகள் எடுத்தாலும், தொலைவிலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிதல்களில் மூன்றில் ஒன்றுதான் உள்ளே போனது. 2024-25 பருவத்தில் அந்த விகிதம் ஏறத்தாழ நாற்பது விழுக்காடாக உயர்ந்தது. 320 மூன்று புள்ளி எறிதல்களை உள்ளே போட்டு அந்தப் பருவத்தில் என்பிஏவிலேயே முதலிடம் அவருடையது. இளையர்கள் பார்த்து வாய்பிளக்கும் பறந்தடிக்கும் காட்சிகளை ஒதுக்கிவிட்டு, அதே வீரர் தொடக்க ஆண்டுகளில் அவசரப்பட்டு எறிந்து தவறவிட்ட பந்துகளைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, 'இந்த இடத்தில் யாருக்குக் கொடுத்திருக்கலாம்?' என்று பயிற்றுநர் கேட்டது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. 2023இல் எட்வர்ட்ஸ் தம் சட்டை எண்ணை ஒன்றிலிருந்து ஐந்தாக ஏன் மாற்றினார் என்று ஒரு பிள்ளை கேட்டது. 2015இல் புற்றுநோயால் சில மாத இடைவெளியில் இறந்துபோன தாய், பாட்டி இருவரின் நினைவாக என்று பயிற்றுநர் சொன்னபோது, அதுவரை குறும்பு செய்துகொண்டிருந்த பின்வரிசையும் அடங்கிப்போயிற்று.

இவ்வளவு நேர்மையாகப் பாடம் நடத்தும் இடம், தன் விளம்பரத் தாளில் மட்டும் ஏன் அப்படி நடந்துகொள்ளவில்லை என்பதுதான் என் வருத்தம். ஏழாம் வாரத்தில் பெற்றோர் அனைவரிடமும் 'தொழில்முறைப் பாதை' என்ற கூடுதல் திட்டத்திற்கான தாள் கொடுக்கப்பட்டது; பருவத்திற்கு மேலும் 200 வெள்ளி. தாளின் முகப்பில் பத்தொன்பது வயதில் ஒப்பந்தம் பெற்ற ஓர் அமெரிக்க வீரரின் நிழற்படம். என்பிஏ தேர்வில் ஆண்டுக்கு இரண்டு சுற்றுகளில், உலகம் முழுவதிலுமிருந்து, அதிகபட்சம் அறுபது பேரே எடுக்கப்படுகிறார்கள் என்பது அதில் இல்லை. எட்வர்ட்ஸ் தம் முதல் பருவத்தை ஆடிய அதே பத்தொன்பதாம் வயதில் நம் பையன்கள் கட்டாயத் தேசிய சேவையில் இருப்பார்கள் என்பதும் இல்லை. முழுநேரச் சேவை இரண்டு ஆண்டுகள். விளையாட்டுக்காக அதைத் தள்ளிவைக்கும் அனுமதி நீச்சல் வீரர் ஜோசப் ஸ்கூலிங் போன்ற மிகச் சிலருக்கே கிடைத்திருக்கிறது. உள்ளூரில் தொழில்முறை என்று சொல்லத்தக்க அணியாக விளங்கியது 2006இல் தொடங்கிய சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸ். முதலில் ஆஸ்திரேலிய லீக்கிலும் பிறகு ஆசியான் லீக்கிலும் ஆடிய அந்த அணி 2016, 2017, 2019 ஆகிய ஆண்டுகளில் இறுதிச்சுற்று வரை சென்றும் கோப்பையைத் தொடவில்லை. 2020இல் கொவிட்-19 கிருமித்தொற்று அந்த லீக்கையே பாதியில் நிறுத்தியது. காலாங்கில் ஒருமுறை அவர்களுடைய ஆட்டத்தைப் பார்த்த எனக்கு, வெளிநாட்டு வீரர்கள் புள்ளிகளை அள்ளிக்கொண்டிருந்தபோது, வேலைக்கும் படிப்புக்கும் இடையே பயிற்சி செய்து வந்த உள்ளூர்ப் பையன்கள் தற்காப்பில் உயிரைக் கொடுத்து ஓடியதுதான் இன்றும் நினைவில் நிற்கிறது. அந்த உழைப்பைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தால் அந்தத் தாளை மதித்திருப்பேன்.

இந்தக் கேள்விகளை நான் மூத்த பயிற்றுநரிடமே கேட்டேன். விளம்பரம் தம் வேலை அல்ல என்று சற்றுச் சங்கடத்துடன் சிரித்துவிட்டு, "பள்ளி அணியில் நிலைத்தால் தொடக்கக் கல்லூரிக்கான நேரடிச் சேர்க்கையில் உதவலாம், அவ்வளவுதான் நான் உறுதியாகச் சொல்வேன்" என்றார். அவர்மேல் எனக்கிருந்த மதிப்பு அதனால் கூடியதே தவிரக் குறையவில்லை.

மற்றவை சிறு குறைகள். திடலுக்குக் கூரை கிடையாது. மின்னல் எச்சரிக்கையால் இரண்டு வகுப்புகள் இரத்தாயின, ஈடாக ஒன்றுதான் கிடைத்தது. பெரும்பாலான பிள்ளைகள் சீனர்கள் என்பதால் விளையாட்டு சூடுபிடித்ததும் பயிற்றுநர்களின் கட்டளைகள் மாண்டரினுக்கு நழுவிவிடும். என் மகனும் ஒரு மலாய்ப் பையனும் அந்த நேரங்களில் மற்றவர்கள் ஓடும் திசையைப் பார்த்து ஓடினார்கள். சொன்னதும் திருத்திக்கொண்டார்கள் என்றாலும் நாம் சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்த பருவத்திற்கு 380 வெள்ளியைக் கட்டிவிட்டேன். கூடுதல் திட்டத்தில் சேர்க்கவில்லை. மகன் ஒரு நாள் முகம் தூக்கிவைத்திருந்தான். மறுநாள் மாலை புளோக்கின் கீழேயுள்ள திடலில் இடக்கையால் பந்து தட்டும் சத்தம் எட்டாவது மாடி வரை கேட்டது.