ஃப்ரீபிஎஸ்டி மெயின் கிளையும் என்எஃப்எஸ்ஸும்: நீண்ட நாள் ஓட்டிய பிறகு

கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் பக்கத்துச் சின்ன அலுவலகங்களில் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் மெயின் கிளையை (இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் பதிப்பை) அன்றாட வேலைக்கு ஓட்டி, சர்வரில் இருக்கும் கோப்புகளை என்எஃப்எஸ் மூலம் நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. "கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) சரியில்லை" என்று யாராவது சொன்னால் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: மெஷின் பேனிக் ஆகி (மீள முடியாத பிழையில் கர்னலே விழுந்து) ரீபூட் ஆனதா, அல்லது அப்படியே உறைந்து நின்றதா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

பேனிக் என்றால் முதல் சந்தேகம் கர்னல் மீது வரக் கூடாது, மாட்யூல் (கர்னலோடு சேரும் துணை நிரல்) மீது வர வேண்டும். புதுக் கர்னலைப் போட்டுவிட்டு டிஆர்எம்-கேமாட் போன்ற கிராஃபிக்ஸ் மாட்யூலைப் பழையதாகவே விட்டால் பூட்டிலேயே விழும். இரண்டையும் ஒரே மூலத்திலிருந்து மறுபடி பில்டு செய்யுங்கள். சோர்ஸில் இருக்கும் 'அப்டேட்டிங்' கோப்பைப் படிக்காமல் மேம்படுத்துவது வீண் வம்பு. ஆர்சி.கான்ஃபில் டம்ப்டெவ் 'ஆட்டோ' என்று இருக்கட்டும், ஸ்வாப்பும் இருக்கட்டும். அப்போதுதான் அடுத்த பூட்டில் கிராஷ் டம்ப் (விழுந்த நேரத்து நினைவகப் பதிவு) 'வார்/கிராஷ்' அடைவில் வந்து சேரும். டம்ப் இல்லாத பேனிக் புகாரை வைத்து யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

'லாக் ஆர்டர் ரிவர்சல்' என்று திரையில் ஓடுவது கிராஷ் அல்ல, கர்னல் லாக்குகளின் வரிசையைக் கண்காணிக்கும் விட்னஸ் தரும் எச்சரிக்கை. அதில் பல ஏற்கெனவே தெரிந்தவை. விட்னஸும் இன்வேரியண்ட்ஸும் (இரண்டும் பிழை தேடும் சோதனைகள்) மெயின் கிளையின் ஜெனரிக் கர்னலில் இயல்பாகவே இயங்குவதால்தான் வேகம் குறைகிறது. வேகம் வேண்டுமென்றால் அவை இல்லாத ஜெனரிக்-நோடீபக் கர்னலைப் போடுங்கள்.

பழைய கர்னல் 'கர்னல்.ஓல்டு' என்று தங்கும். ஆனால் இரண்டாவது முறை இன்ஸ்டால் செய்ததும் அதுவும் போய்விடும். இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை இருந்தால் மேம்படுத்தலைத் தனி பூட் சூழலில் (சிஸ்டத்தின் தனிப் பிரதியில்) செய்து, பெக்டில் ஆக்டிவேட்டை 'மைனஸ் டி'யோடு கொடுங்கள். அடுத்த ஒரு பூட்டுக்கு மட்டும் புதியது வரும். விழுந்தால் ரீசெட் போதும், பழையது தானாக எழும்.

இனி உறைதல். துலா மாதத்து இடிமழையில் மின்சாரம் ஒரு நொடி போய் வரும். சர்வரும் கணினிகளும் யூபிஎஸ்ஸில் இருக்கும். நடுவில் இருக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் மட்டும் சுவர் பிளக்கில் இருக்கும்! அது ரீபூட் ஆகும்போது என்எஃப்எஸ் சர்வர் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று லாகில் வரும், சற்று நேரத்தில் 'அலைவ் அகெய்ன்'. இந்த ஜோடி வந்தால் கர்னல் நன்றாகத்தான் இருக்கிறது. ஸ்விட்சை யூபிஎஸ்ஸுக்கு மாற்றுங்கள்.

இரண்டாவது வரி வரவே இல்லையென்றால், சிக்கிய புராசஸ் மீது 'ப்ராக்ஸ்டாட் மைனஸ் கேகே' ஓட்டுங்கள். அது காட்டும் கர்னல் அழைப்பு அடுக்கில் 'நியூஎன்எஃப்எஸ் ரிக்வெஸ்ட்', 'கிளண்ட் ரீகனெக்ட் கால்' தெரிந்தால் சர்வரின் பதிலுக்காகக் காத்திருக்கிறது என்று அர்த்தம். டிஸ்க் இடத்தைக் காட்டும் வெறும் டிஎஃப் கட்டளையும் அங்கே போய் மாட்டும். 'மைனஸ் எல்' சேர்த்து உள்ளூர் டிஸ்க்கை மட்டும் பாருங்கள். 'யுமவுண்ட் மைனஸ் எஃப்'புக்கும் அசையாவிட்டால் அதே யுமவுண்டில் பெரிய எழுத்து 'மைனஸ் என்' இருக்கிறது. மவுண்ட் செய்தபோது கொடுத்த பாதையை எழுத்துப் பிசகாமல் கொடுக்க வேண்டும். சர்வருக்குப் போய்ச் சேராத தரவு போனது போனதுதான்.

இந்தத் தொல்லைக்குப் பயந்து சாஃப்ட் மவுண்டுக்கு (சர்வர் பதில் தராவிட்டால் சற்று நேரத்தில் கோரிக்கையைக் கைவிடும் முறைக்கு) தாவாதீர்கள். என்எஃப்எஸ் பதிப்பு 4இல் ஓப்பன், லாக் வரிசையைச் சர்வர் கறாராகக் கணக்கு வைத்திருக்கிறது. நடுவில் ஒரு கோரிக்கையை வெட்டினால் அந்தக் கணக்கு குலையும். பதில் வரும்வரை காத்திருக்கும் ஹார்டு மவுண்டே சரி.

சிறிய கோப்பு திறக்கிறது, பெரிய அடைவின் பட்டியலைக் கேட்டால் நிற்கிறது என்றால் சந்தேகம் எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) மீது. பொள்ளாச்சி கிளைக்கு விபிஎன் வழியாக மவுண்ட் செய்கிற இடங்களில் இது வாடிக்கை. துண்டாக்கக் கூடாது என்ற 'மைனஸ் டி' குறியோடு பிங் அனுப்புங்கள்: 1500 எம்டியுவுக்கு 1472 பைட், பிபிபிஓஇ இணைப்பின் 1492க்கு 1464. வயர்கார்டு விபிஎன் என்றால் வழக்கமாக 1420 எம்டியு. லேனுக்குள்ளேயே தடுமாறினால் நெட்வொர்க் கார்டின் டிஎஸ்ஓவை (பாக்கெட்டாகப் பிரிக்கும் வேலையைக் கார்டே செய்யும் வசதியை) அணைத்துப் பாருங்கள். சில டிரைவர்களில் அதுதான் குற்றவாளி.

சோர்ஸ் மட்டும் என்எஃப்எஸ்ஸில் இருக்கலாம், ஆப்ஜெக்ட் அடைவு (பில்டு செய்தவை சேரும் இடம்) உள்ளூர் எஸ்எஸ்டியில் இருக்கட்டும். இரு பக்கமும் கடிகாரத்தைச் சரியாக வைக்கும் என்டிபி ஓடாவிட்டால் கடிகார வித்தியாசத்தில் பில்டு கருவியான மேக் குழம்பி, மாறாத கோப்பையெல்லாம் திரும்பத் திரும்ப பில்டு செய்யும்.

மொத்தத்தில் கிளையண்ட் மெஷினுக்கு மெயின் கிளை தாராளமாகத் தாங்கும். கோப்புகள் குடியிருக்கும் சர்வரை மட்டும் ரிலீஸ் பதிப்பிலேயே விட்டுவிடுங்கள்.