விடுதிப் பதிவுத் தளத்துக்கு எஸ்.கியூ.எல். சேர்வர்: எந்த லைசென்ஸ்?

திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதிக்கு அறைப் பதிவுத் தளம் செய்பவர் டொட்நெற் என்ற மைக்ரோசொப்ட் நிரலாக்கத் தொகுதியில் எழுதினால், அடியில் தரவுத்தள மென்பொருளாகப் பெரும்பாலும் மைக்ரோசொப்ட் எஸ்.கியூ.எல். சேர்வர்தான் இருக்கும். 2022 பதிப்பில் எதை எடுப்பது?

இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பில் தொடங்குங்கள். இருபது அறைக்கு அது தாராளம். ஒரு தரவுத்தளத்துக்கு 10 ஜி.பி. எல்லை. பதிவு விவரங்களால் அதை நிரப்பவே முடியாது. நிரப்புவது அறைப் படங்களும் கடவுச்சீட்டு ஸ்கேன்களும்தான். அவற்றைக் கோப்புறையில் வைத்து, பாதையை மட்டும் அட்டவணையில் எழுதுங்கள். எல்லை முட்டினால் பழைய பதிவுகள் தெரியும், புதியது ஏறாது. மே முதல் செப்ரெம்பர் வரையான சீசனில் இது நடந்தால் எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

16 ஜி.பி. ராம் போட்டாலும் எக்ஸ்பிரஸ் தரவுப் பக்கங்களை வைத்திருக்க 1,410 எம்.பி. மட்டுமே எடுக்கும். ஒரு சொக்கெற் (புரொசெசர் பொருந்தும் இடம்) அல்லது நான்கு கோர் (புரொசெசருக்குள் வேலை செய்யும் அலகு), இரண்டில் எது குறைவோ அதுவே எல்லை. இதில்தான் பலர் சறுக்குகிறார்கள்: வேர்ச்சுவல் மெஷினில் (ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கிய இன்னொரு கணினியில்) நான்கு சொக்கெற், ஒவ்வொன்றிலும் ஒரு கோர் என்று அமைத்தால் ஒரேயொரு கோர்தான் வேலை செய்யும். ஒரு சொக்கெற், நான்கு கோர் என்று மாற்றுங்கள். வேலைகளை நேரத்துக்குத் தானாக ஓட்டும் ஏஜென்ற் எக்ஸ்பிரஸில் இல்லாததால் இரவு பக்கப்பை விண்டோஸ் ராஸ்க் ஷெடியூலரில் எஸ்.கியூ.எல்.சி.எம்.டி. கட்டளையாகப் போட வேண்டும். வெப் சேர்வர் வேறு மெஷினில் இருந்தால், முடக்கியே வரும் ரி.சி.பி./ஐ.பி. என்ற வலையமைப்பு இணைப்பை இயக்கிவிடுங்கள்.

காசு கொடுத்து வாங்கும் ஸ்ராண்டர்ட் பதிப்பில் லைசென்ஸ் எடுக்க இரண்டு வழி. 2022 பட்டியல் விலையில் சேர்வர் லைசென்ஸ் 989 டொலர், அதோடு ஒவ்வொரு பயனருக்கும் ‘கால்’ (CAL) என்ற அணுகல் லைசென்ஸ் 230 டொலர். மற்றது கோர் கணக்கு: இரண்டு கோர் பொதி 3,945 டொலர், குறைந்தது இரண்டு பொதி, ஆக 7,890. முப்பது பேர் வரும்போது இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். விடுதிக்குள் ஆறு ஊழியர் மட்டும் பாவிக்கும் கணக்கு மென்பொருளுக்கு ‘கால்’ வழி மலிவு. பொதுத்தளத்துக்கு அது சரிவராது. தளம் ஒரே லொகினில் தரவுத்தளத்தைத் தொட்டாலும், பின்னாலிருந்து அறை பதியும் ஒவ்வொரு விருந்தினரும் பயனராகவே எண்ணப்படுவார். அங்கே கோர் லைசென்ஸ்தான். இரண்டு கோர் மெஷினுக்கும் நான்குக்கே காசு. வேர்ச்சுவல் மெஷினை மட்டும் தனியாக லைசென்ஸ் செய்ய சொப்ட்வெயர் அஷூரன்ஸ் என்ற மைக்ரோசொப்ட் பராமரிப்பு ஒப்பந்தமோ சந்தாவோ வேண்டும். விலை கேட்கும்போதே இதையும் கேளுங்கள், பிறகு கேட்டால் பில் வேறாக வரும்.

டெவலப்பர் பதிப்பு இலவசம், எல்லா வசதியும் உண்டு, ஆனால் எழுதவும் சோதிக்கவும் மட்டும். நேரடித் தளத்தில் ஓடவிட்டால் லைசென்ஸ் மீறல்.

2025 பதிப்பில் எக்ஸ்பிரஸின் எல்லை 50 ஜி.பி. ஆகிவிட்டது, ஹோஸ்ரிங் நிறுவனங்கள் வழியே வாடகைக்குக் கிடைத்த வெப் பதிப்பு அதில் இல்லை. இன்னும் ஒரு வரியும் எழுதாதவர்கள் போஸ்ற்கிரெஸ்கியூஎல் என்ற இலவசத் தரவுத்தள மென்பொருளைப் பாருங்கள்: கோருக்கும் காசில்லை, ஆளுக்கும் காசில்லை. ஏற்கெனவே எஸ்.கியூ.எல். சேர்வருக்குள்ளேயே சேமித்து ஓட்டும் ஸ்ரோர்ட் புரொசீஜர்களில் கணக்கு வழக்கையெல்லாம் எழுதி முடித்தவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம், திரும்ப எழுதும் கூலி லைசென்ஸை விழுங்கிவிடும்.